நடைவழிக் கம்பி

ஜனவரி 9

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை எழுதுவது. நானும் அவரும் நலம். நீங்கள், அண்ணி, பிள்ளைகள் எல்லோரும் சுகமா? முழங்கால் வலி குறைந்ததா? நாள் முழுக்கக் கல்லாவில் நின்றுகொண்டே இருக்காமல் கொஞ்சம் உட்காருங்கள்.

நீங்கள் அனுப்பிய பெட்டி வந்து சேர்ந்தது. சமையலறைக் குழாய், தாழ்ப்பாள், கீல் எல்லாம் மாட்டியாயிற்று. மாட்ட வந்த பிளம்பர், "வாடகை வீட்டுக்குப் போய் யாரும்மா இவ்வளவு கனமான குழாயைப் போடுறாங்க?" என்று கேட்டார். "இரும்புக்கடை வெச்சிருக்கிற அண்ணன் இருந்தா போடுவாங்க" என்றேன்.

கேட்கக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் கேட்கிறேன். வாசற்கதவிலிருந்து குளியலறை வரை நடைவழிச் சுவரில் பொருத்த ஒரு ஸ்டீல் கம்பி வேண்டும். துணி காயப்போடத்தான். கைக்கு அடங்கும் தடிமனில் இருக்கட்டும். குளியலறைக்கு இரண்டு குழாய்த் திருகுகள்: வெந்நீருக்கு உருண்டையாக ஒன்று, தண்ணீருக்குத் தட்டையாக ஒன்று. படி விளிம்பில் ஒட்டும் சொரசொரப்பான நாடாவும் கொஞ்சம்.

பின்னறையின் மேல்தளத்தில் விரிசல் விட்டு ஒழுகுகிறது. வீட்டுக்காரரிடம் சொன்னேன். மாடியில்தானே இருக்கிறார், எட்டிப் பார்த்துவிட்டு "பார்க்கலாம்மா" என்றார். போன மழைக்கும் இதே "பார்க்கலாம்மா"தான்.

அவருக்கு அச்சகத்தில் வேலை குறைந்துவிட்டது. பிழை திருத்த இப்போது ஆள் தேவையில்லையாம். வீட்டில்தான் இருக்கிறார். எனக்குப் பேக்கரியில் காலை ஷிப்ட், வழக்கம்போல.

அண்ணியை விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

உங்கள் தங்கை


ஜனவரி 24

அன்புத் தங்கைக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். முழங்கால் அதன் பாட்டுக்கு இருக்கிறது, நான் என் பாட்டுக்கு இருக்கிறேன். நீ இப்படி எழுதுவதுதான் நல்லது. பேக்கரியிலிருந்து போன் செய்தால் "எல்லாம் நல்லா இருக்குண்ணா" என்று மூன்று தடவை சொல்லிவிட்டு வைத்துவிடுகிறாய்.

கேட்டதெல்லாம் லாரியில் போட்டிருக்கிறேன். ஒன்று மட்டும் புரியவில்லை. துணி காயப்போட நூல் கம்பி போதுமே, எதற்கு இவ்வளவு தடிமன்? துணி காயப்போடுகிறாயா, யானையைக் கட்டப் போகிறாயா?

இப்போது வியாபாரி பேச்சு ஒன்று கேள். குழாய் வாஷர், பல்பு, தாழ்ப்பாள் எல்லாம் புழங்கித் தேய்கிற சாமான். அது குடியிருப்பவர் பாடு. தளம், சுவர், உள்ளே ஓடும் பெரிய குழாய், இதெல்லாம் வீட்டின் எலும்பு. அது சொந்தக்காரர் பாடு. ஒழுக்கை வாயால் சொன்னால் காற்றோடு போய்விடும். தாளில் எழுதிக் கொடு, நகலில் கையெழுத்து வாங்கிக்கொள். உன் ஒப்பந்தத்தை எடுத்து ஒரு தடவை முழுசாகப் படி. கையெழுத்துப் போட்ட அன்றைக்குப் பிறகு நீ அதைத் தொட்டிருக்க மாட்டாய் என்று எனக்குத் தெரியும்.

மாப்பிள்ளையைச் சும்மா உட்காரவிடாதே. படித்த மனுஷன், வேறு அச்சகத்தில் கேட்கச் சொல்.

அண்ணன்


மார்ச் 2

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம், உங்கள் நலம் அறிய ஆவல். ஒரு சிக்கல் வந்திருக்கிறது, அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

நீங்கள் சொன்னபடி ஒழுக்கைப் பற்றி எழுதிக் கொடுத்தேன். மறுநாளே வீட்டுக்காரர் இறங்கி வந்தார். தளத்தைப் பார்க்கத்தான் வருகிறார் என்று பின்னறையைத் திறந்துவிட்டேன். அவர் நடைவழியிலேயே நின்றுவிட்டார். கம்பியைத் தடவிப் பார்த்தார். குளியலறைக் குழாயைத் திறந்து மூடினார். தாழ்ப்பாளை இழுத்து விட்டார்.

"வீடு புதுசு மாதிரி ஆயிடுச்சேம்மா" என்றார்.

"நாங்கதான் போட்டோம்" என்றேன்.

"யார் போட்டா என்ன, சுவர் என்னுதுதானே. இப்ப இந்த வீட்டை வெளியில விட்டா என்ன கிடைக்கும் தெரியுமா?"

அடுத்த மாதத்திலிருந்து வாடகையில் பாதியளவு கூட்டித் தர வேண்டுமாம். முடியாதென்றால் வேறு இடம் பார்க்க வேண்டுமாம். "அந்த ஒழுகல்?" என்று கேட்டேன். "முதல்ல இதைப் பேசுவோம்" என்று மேலே போய்விட்டார்.

அண்ணா, பேக்கரிச் சம்பளத்தில் அவ்வளவு கூட்ட முடியாது. ஆனால் இந்த வீட்டை விட்டும் போக முடியாது. என்ன செய்யலாம் என்று எழுதுங்கள்.

தங்கை


மார்ச் 11

அன்புத் தங்கைக்கு,

கடிதம் பார்த்தேன். நன்றாக இருக்கிறது கதை. குழாய் என்னுது, கம்பி என்னுது, லாரி வாடகை என்னுது, விலை ஏறுவது அவர் வீட்டுக்கு. இருபத்தைந்து வருஷமாக வியாபாரம் செய்கிறேன், இந்த மாதிரி ஒரு கொள்முதல் எனக்குக்கூட அமைந்ததில்லை.

பயப்படாதே. ஒப்பந்தத்தின் நகல் அனுப்பியிருந்தாயே, படித்தேன். நவம்பர் வரை பழைய வாடகைதான். நடுவில் கூட்டலாம் என்று அதில் ஒரு வரியும் கிடையாது. ஒப்பந்தத் தவணை முடிந்து கூட்டுவதானாலும் மூன்று மாதம் முன்னால் எழுத்தில் தர வேண்டும் என்று அவரே கையெழுத்துப் போட்டிருக்கிறார். படியிறங்கி வந்து வாயால் சொல்வது அறிவிப்பு ஆகாது.

ஆனால் கோபத்தில் வாடகையை நிறுத்திவிடாதே. "ஒழுக்கை அடைச்சாத்தான் தருவேன்" என்று நின்று வீட்டை இழந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். நிறுத்திய அன்றே தப்பு உன் பக்கம் வந்துவிடும். பழைய வாடகையை அதே தேதியில் கொடு. வாங்க மறுத்தால் மணியார்டரில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள். அவர் ரொம்பவும் முறுக்கினால் உங்கள் ஊர் வாடகை விசாரணை அலுவலகத்தில் மனுப் போடு.

இதெல்லாம் சரி. அந்த வீட்டையே ஏன் பிடித்துத் தொங்குகிறாய்? ஒழுகல் வீடு, முறைக்கும் சொந்தக்காரர். இங்கே கடைக்கு மேல் இரண்டு அறை காலியாகக் கிடக்கிறது. மாப்பிள்ளைக்கும் வேலையில்லை. கிளம்பி வாருங்கள். பதில் எழுது.

அண்ணன்


மார்ச் 28

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். வீட்டுக்காரர் வாடகையை வாங்கவில்லை, மணியார்டரில் அனுப்பினேன். ரசீது பத்திரமாக இருக்கிறது.

அழுத்தினால் டக்கென்று நன்றாகச் சத்தம் வரும் சுவிட்ச் கடையில் இருந்தால் நான்கு அனுப்புங்கள்.

நாங்கள் இங்கேயே இருக்கிறோம். காரணம் கேட்காதீர்கள்.

தங்கை


ஏப்ரல் 20

அன்புத் தங்கைக்கு,

சுகம். சுவிட்ச் அனுப்பியிருக்கிறேன். இந்தக் காலத்தில் எல்லோரும் சத்தம் வராத சுவிட்ச் கேட்கிறார்கள், நீ ஒருத்திதான் சத்தத்தைக் காசு கொடுத்து வாங்குகிறாய்.

காரணம் கேட்காதே என்று எழுதிவிட்டாய். சரி, கேட்கவில்லை. ஆனால் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவும் எனக்குத் தெரியாது. உன் வீட்டுக்காரருக்கு நானே நேராக எழுதிவிட்டேன். "ஐயா, நீங்கள் எந்தச் சாமானைக் காட்டி வாடகையைக் கூட்டுகிறீர்களோ அதெல்லாம் என் கடைச் சரக்கு. ஒரு திருகாணி விடாமல் கழற்றி எடுத்துக்கொள்கிறேன். வீடு பழையபடி ஆகிவிடும், வாடகையும் பழையபடி ஆகிவிடட்டும்" என்று.

அவர் இதற்கு என்ன பதில் சொல்வார்? விலை பேசும்போது எதிராளி எதைப் பிடித்துக்கொண்டிருக்கிறானோ அதை முதலில் மேசையிலிருந்து எடுத்துவிட வேண்டும். உன் அண்ணன் நடைபாதையில் ஆணி விற்ற காலத்தில் கற்றது. இன்னும் வேலை செய்கிறது.

அண்ணன்


மே 6

மதிப்புக்குரிய கடைக்காரர் ஐயாவுக்கு,

வணக்கம். நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தங்கள் கடிதம் கிடைத்தது. இவ்வளவு சூடாக எனக்கு யாரும் எழுதியதில்லை. தண்ணீர் வாரியத்தில் மீட்டர் பார்த்து ஓய்வு பெற்றவன் நான். வீட்டுக்கு வீடு திட்டு வாங்கியிருக்கிறேன், ஆனால் தபாலில் வாங்கியதில்லை.

என் பக்கமும் கேளுங்கள். ஓய்வூதியம் மருந்துக்கே சரியாகிவிடுகிறது. இந்தக் கீழ்வீட்டு வாடகைதான் எங்களுக்குச் சாப்பாடு. தளத்தைப் பெயர்த்துப் போட கொத்தனார் சொன்ன தொகையைக் கேட்டு நான் அன்று முழுக்கப் படுத்துவிட்டேன். வாடகையைக் கூட்டாமல் அதை எங்கிருந்து செய்வேன்? உங்கள் தங்கையிடம் இதைச் சொல்லத் தன்மானம் இடம் கொடுக்கவில்லை. குழாயைச் சாக்காக வைத்தேன்.

இருந்தாலும் தாங்கள் எழுதியது எழுதியதுதான். சாமான் உங்களுடையது, மறுக்கவில்லை. வருகிற ஞாயிறு தச்சரை அழைத்துவந்து கம்பி, குழாய், தாழ்ப்பாள் எல்லாவற்றையும் கழற்றிப் பெட்டி கட்டி அனுப்பிவிடுகிறேன். நவம்பரோடு தவணை முடிகிறது. அதற்குமேல் அவர்கள் வேறு இடம் பார்த்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
வீட்டுக்காரர்


மே 10

அன்புத் தங்கைக்கு,

உடம்பு விசாரிக்க இப்போது நேரமில்லை. உன் வீட்டுக்காரரின் கடிதம் வந்தது. ஞாயிறன்று கம்பியைக் கழற்ற வருகிறாராம். படித்ததும் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. வெறும் வாய்வீச்சு என்று நினைத்தேன்.

மத்தியானம் கடைக்கு ஒருத்தர் வந்தார். நடைவழிக்கு, கைக்கு அடங்கும் தடிமனில் கம்பி கேட்டார். படிக்குச் சொரசொரப்பு நாடா கேட்டார். "வெந்நீர்க் குழாய்க்கும் பச்சைத் தண்ணிக் குழாய்க்கும் பிடி வேற வேற மாதிரி வேணும்" என்றார். கை தன்னால் எடுத்துக் கொடுத்தது. "யாருக்குங்க?" என்று கேட்டேன். "அப்பாவுக்கு. கண்ணு சுத்தமாப் போயிடுச்சு" என்றார்.

அவர் மீதி வாங்காமலே நின்றுகொண்டிருந்தார். நான் கொடுக்க மறந்துபோனேன்.

ஒருத்தர் என்ன வாங்குகிறார் என்பதைப் பார்த்தே அவர் வீட்டில் என்ன உடைந்திருக்கிறது என்று சொல்லிவிடுவேன் என்று ஊரெல்லாம் பெருமை பேசுகிறவன் நான். என் தங்கை மாதம் ஒரு சாமானாக எழுதி எழுதிச் சொன்னது எனக்குத் தெரியவில்லை.

மாப்பிள்ளைக்குக் கண் எவ்வளவு தெரிகிறது? நேராக எழுது.

பேக்கரிக்குப் போன் செய்தேன், ஷிப்ட் முடிந்து போய்விட்டாய் என்றார்கள். எதிலும் கை வைக்க வேண்டாம் என்று வீட்டுக்காரருக்கும் அவசரத் தபால் போட்டிருக்கிறேன். ஞாயிறுக்குள் போய்ச் சேராது என்று தெரியும். அந்த முதல் கடிதத்தை நான் போட்டிருக்கவே கூடாது.

அண்ணன்


மே 19

அன்புள்ள அண்ணனுக்கு,

பகலில் ஜன்னல் எந்தப் பக்கம் இருக்கிறது என்பது தெரிகிறது. அவ்வளவுதான்.

இரண்டு வருஷமாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் போயிற்று. பிழை திருத்திய தாள்களில் பிழை வர ஆரம்பித்தபோதுதான் வெளியில் தெரிந்தது. திரும்ப வராது என்று இரண்டு டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். உங்களிடம் சொல்ல வேண்டாம் என்று அவர்தான் சொன்னார். "உங்க அண்ணன் வேன் எடுத்துட்டு வந்து நம்மள ஏத்திட்டுப் போயிடுவார், மூட்டையோட மூட்டையா" என்றார். நீங்கள் செய்யக்கூடியவர்தான்.

வீட்டுக்காரருக்கும் சொல்லவில்லை. கண் தெரியாதவர் அடுப்போடு தனியாக இருக்கிறார் என்று தெரிந்தால் அன்றே காலி செய்யச் சொல்வார் என்று பயம்.

நான் விடிவதற்குள் பேக்கரிக்குப் போய்விடுகிறேன். மத்தியானம் வரை அவர் தனியாகத்தான் இருக்கிறார். எழுந்து குளித்து, டீ போட்டுக் குடித்து, எனக்கு அரிசி களைந்து வைக்கிறார். கம்பியைப் பிடித்துக்கொண்டு குளியலறைக்குப் போவார், திருகைத் தொட்டு எது வெந்நீர் என்று பார்த்துக்கொள்வார். அவருக்கு இந்த வீடு மனப்பாடம். வேறு வீட்டுக்குப் போனால் ஒரு நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார், எழுந்திருக்கவே மாட்டார். உங்கள் மாடி அறையானாலும் அப்படித்தான். அதனால்தான் அண்ணா, போக முடியாது என்றேன்.

ஞாயிறு சாயங்காலம் வீட்டுக்காரர் தச்சரோடு வந்தார். நான் அழுதுவிடுவேன் போலிருந்தது. இவர் நடுவே வந்து, "கழட்டுங்க சார், உங்க சுவர்தானே. அதுக்கு முன்னாடி ரெண்டு நிமிஷம் என்கூட வாங்க, தளத்தைப் பார்த்துடுங்க. அதுவும் உங்களோடதுதான்" என்றார். கம்பியைப் பிடித்தபடி முன்னால் நடந்தார். பின்னறைக்குள் போய் வீட்டுக்காரர் கையைப் பிடித்துச் சுவரில் வைத்தார்.

"இங்க ஈரம் தெரியுதா? போன மாசம் என் தோள் உயரத்துல இருந்தது, இப்ப இடுப்புக்கு இறங்கிடுச்சு. இங்க காரை ஊதிப்போய் இருக்கு, தட்டிப் பாருங்க, டொக்குன்னு கேக்கும். இந்த மூலையில எப்ப வேணும்னாலும் விழும். சட்டியை அதுக்கு நேரா வெச்சிருக்கேன்."

சொல்லி முடிப்பதற்குள் வீட்டுக்காரர் அந்தச் சட்டியிலேயே இடித்துக்கொண்டு தடுமாறினார்.

"லைட்டைப் போடுங்க தம்பி, ஒண்ணும் தெரியலை."

இவர் குரல் வந்த பக்கம் திரும்பினார். பிறகு, "அணைஞ்சா இருக்கு?" என்று கேட்டார்.

நான் போய் சுவிட்சைப் போட்டேன். வீட்டுக்காரர் இவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தச்சரிடம், "நீ போப்பா" என்றார். அவரும் மேலே போய்விட்டார்.

அதன் பிறகு எங்களிடம் அவர் ஒன்றும் பேசவில்லை. மனசு இளகிவிட்டாரா, நவம்பரை எண்ணிக்கொண்டிருக்கிறாரா, தெரியவில்லை. மாடியில் நடக்கும் சத்தம் கேட்டாலே படியிறங்கி வருகிறாரா என்று காது கொடுத்துக் கேட்கிறேன்.

அண்ணியிடம் மெதுவாகச் சொல்லுங்கள்.

தங்கை


ஜூன் 3

மதிப்புக்குரிய வீட்டுக்கார ஐயாவுக்கு,

வணக்கம். வீட்டில் அம்மா நலமா? உங்களுக்கு நான் எழுதும் மூன்றாவது கடிதம் இது. முதலாவதைக் கிழித்துப் போட்டுவிடுங்கள்.

விஷயம் இப்போது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் உங்களிடம் இரக்கம் கேட்கப்போவதில்லை. உங்கள் மருந்துக்கும் சாப்பாட்டுக்கும் வழி பார்க்காமல் நீங்கள் காட்டுகிற இரக்கம் ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது. கணக்காகப் பேசுவோம்.

தளம் உங்கள் பொறுப்பு, அதில் பேச்சில்லை. ஆனால் மொத்தமாகச் செய்யப் பணமில்லை என்று மனம் விட்டு எழுதியிருந்தீர்கள். சிமெண்ட், கம்பி, ஒழுகாமல் பூசும் மருந்து எல்லாம் என் கொள்முதல் விலைக்கே அனுப்புகிறேன். ஒரு வருஷத்தில் தவணையாகக் கொடுங்கள். லாபமில்லாமல் சரக்குக் கொடுக்கிறேன் என்று தெரிந்தால் என் வீட்டுக்காரி காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள். கொத்தனார் கூலி உங்களுடையது.

நவம்பரில் பழைய ஒப்பந்தம் முடிந்ததும் நூற்றுக்குப் பத்து வாடகை கூடட்டும். குடியிருப்பவர் போட்ட சாமானைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. புது ஒப்பந்தம் ஐந்து வருஷத்துக்கு வேண்டும், இடையில் காலி செய்யச் சொல்லக் கூடாது.

அடுப்பைப் பற்றிப் பயப்படுவீர்கள், நியாயம்தான். கேஸ் கசிந்தால் தானாக அடைத்துக்கொள்ளும் வால்வு ஒன்று இந்தக் கடிதத்தோடு வருகிறது. அதை யார் கணக்கிலும் எழுதவில்லை.

யோசித்து எழுதுங்கள். நான் காத்திருப்பேன்.

இரும்புக்கடைக்காரர்


ஆகஸ்ட் 17

மதிப்புக்குரிய கடைக்காரர் ஐயாவுக்கு,

வணக்கம், நலம். பதில் தாமதமாயிற்று, மன்னிக்கவும். கொத்தனாரோடு கூலி பேசி முடிக்கவே ஒரு மாதம் ஆயிற்று. நீங்கள் பக்கத்தில் இருந்திருந்தால் ஒரு டீ நேரத்தில் முடித்திருப்பீர்கள்.

எனக்குச் சம்மதம். ஆனால் நூற்றுக்குப் பன்னிரண்டு. பத்துக்கே ஒத்துக்கொண்டால் உங்களுக்கே என் மேல் மரியாதை இருக்காது.

இரண்டு வருஷமாக அந்தத் தம்பி தினமும் என் காலடிச் சத்தம் கேட்டு "வணக்கம் சார்" என்பார். மற்றவர்கள் பார்த்தும் பாராமல் போகிறார்கள், இவர் மட்டும்தான் நம்மைக் கவனிக்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். என் சைக்கிளை நான் வாசலில் ஒரு நாள் இந்தப் பக்கம், ஒரு நாள் அந்தப் பக்கம் நிறுத்துவேன். அவர் எத்தனை தடவை இடித்துக்கொண்டாரோ, ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

ஒப்பந்தத்தின் நகல் இணைத்திருக்கிறேன். நீங்கள் சொன்னவை எல்லாம் தட்டச்சில் இருக்கின்றன. கடைசி நிபந்தனையை நானே கையால் எழுதிச் சேர்த்தேன். சட்டப்படி செல்லுமா தெரியாது. சரி பார்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்காரர்


செப்டம்பர் 5

அன்புத் தங்கைக்கு,

இங்கே எல்லோரும் நலம். அண்ணி இரண்டு நாள் அழுதாள். இப்போது தேறிவிட்டாள். உன் மே மாதக் கடிதத்துக்கு நான் பதில் எழுதவில்லை. எழுத உட்கார்ந்தேன், முடியவில்லை. வீட்டுக்காரருக்கு எழுதுவது சுலபமாக இருந்தது, அவருக்கே எழுதிவிட்டேன்.

ஒப்பந்தம் படித்தேன். பன்னிரண்டுக்கு ஒத்துக்கொள். மனுஷன் பதினைந்து கேட்டிருந்தாலும் நான் கொடுத்திருப்பேன், அதை அவரிடம் சொல்லிவிடாதே. கடைசி நிபந்தனையைப் பார்த்தாயா? "கீழ்வீட்டிலும் வாசலிலும் படியிலும் எந்தப் பொருளை இடம் மாற்றுவதானாலும், எந்த வேலை செய்வதானாலும், சொந்தக்காரர் முன்னதாக இறங்கி வந்து குடியிருப்பவரிடம் வாயால் சொல்ல வேண்டும்." எழுத்தில் கொடு, எழுத்தில் வாங்கு என்று உனக்குப் பாடம் நடத்தினவன் நான். அவர் எழுத்திலேயே வாய்ச்சொல்லை வைத்துவிட்டார். எத்தனையோ ஒப்பந்தத்தில் எதையாவது அடித்துத் திருத்தியிருக்கிறேன். இதில் கை வைக்க ஒன்றும் கிடைக்கவில்லை. கையெழுத்துப் போடச் சொல்.

தளவேலை அடுத்த மாதம் ஆரம்பம். சரக்கோடு லாரியில் நானும் வருகிறேன். பயப்படாதே, யாரையும் மூட்டை கட்டிக்கொண்டு போக வரவில்லை. பின்னறை வேலை முடிகிறவரை கொத்தனார் எதையும் கண்ட இடத்தில் போடாமல் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும், அதற்குத்தான். மாப்பிள்ளையிடம் சொல்.

நான் எப்படிப்பட்டவன் என்று உனக்குத் தெரியும். வந்ததும் பையை நடுவில் போடுவேன், செருப்பை ஒன்று இங்கேயும் ஒன்று அங்கேயும் விடுவேன். அதனால் அவரிடமே கேட்டு எழுது: பையை எங்கே வைப்பது, செருப்பை எந்தப் பக்கம் விடுவது, ராத்திரி நான் எங்கே படுத்தால் அவர் வழியில் இருக்க மாட்டேன். பதில் வந்த பிறகுதான் லாரியில் ஏறுவேன்.

அண்ணன்